வீட்டைப் பாத்தாச்சா?

பாத்தீங்களா, திரும்பவும் கிளட்ச்சுல கால வச்சுக்கிட்டே வளைவுல திருப்புறான். அந்தக் காலுக்கு அங்க என்ன வேலை? ஒண்ணும் நினைச்சுக்காதீங்க சார், இதெல்லாம் கண்ணுல பட்டா எனக்கு வாய் சும்மா இருக்காது. நானும் டிரைவருதான். ரிட்டயர்டு. வத்தலக்குண்டுலருந்து கொடைக்கானல் மலைக்கு ஓட்டுனவன். மூக்கையான்னு சொன்னா திண்டுக்கல் பக்கம் எந்த டிப்போவுலயும் தெரியும். சர்வீஸ் முழுக்க ஒரு கீறல் கிடையாது. ஆளை விடுங்க, ஆட்டை விடுங்க, ஒரு கோழிக்குஞ்சு என் டயர்ல பட்டதில்லை. மெடலு குடுத்தாங்க. வீட்ல டிவிக்கு மேல மாட்டியிருக்கேன்.

வேணாம் வேணாம், ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு வெளிய பாக்க நேரமில்லை. இந்தப் போன்ல ஒரு வேலை கிடக்கு. வண்டி சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி முடிச்சாகணும். ஒட்டன்சத்திரம் தாண்டிட்டமா? தாண்டிட்டோம். இனி தாராபுரம், பல்லடம், சூலூர், அப்புறம் சிங்காநல்லூர்தான். பத்தாது சார், நேரம் பத்தாது.

சிரிக்காதீங்க. ஆமா, கேமுதான். வீடியோ கேமு. ரிட்டயர்டான ஆளுக்கு இது என்னத்துக்குன்னு நினைக்கிறீங்க. இது எம் மக செஞ்ச கேமு சார். விளையாடுற கேமு இல்ல, அவளே உக்காந்து செஞ்ச கேமு. இந்தா, மொதப் பக்கத்துல கீழே பாருங்க, நாகஜோதின்னு போட்டிருக்கா. கூட இன்னும் ரெண்டு பிள்ளைக பேரு இருக்கு. மூணு பேருமாக் கோயமுத்தூர்ல ஒரு ரூமைப் பிடிச்சுக்கிட்டு செஞ்சிருக்காங்க. பேரு பாத்தீங்களா? "போயிட்டு வர்றேன்". இதெல்லாம் ஒரு கேமுக்குப் பேரா? புலி, சிங்கம்னு ஏதாச்சும் வைக்க வேணாமா? ஆனா ஊரே இதைத்தான் பேசுதாம். எதிர்வீட்டு டீச்சரு சொன்னாங்க, எங்கெங்கயோ வெளிநாட்டுலருந்தெல்லாம் எழுதுறாங்களாம்.

அவ எங்கிட்டப் பேசுறதில்லை சார். போன சித்திரையிலருந்து பேச்சு இல்லை. அவ அம்மாகிட்ட மட்டும் பேசுவா. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்குவேன், எங்க வீட்ல ஸ்பீக்கர்ல போட்டு வைப்பா. இந்தக் கேமு வந்தப்ப எம் மக சோதி சொன்னா, "அப்பாவை விளையாடிப் பாக்கச் சொல்லும்மா"ன்னா. அப்படியே ஒரு நாள் கேட்டா, "அப்பா வீட்டைப் பாத்துட்டாராம்மா?" எனக்கு ஒண்ணும் விளங்கலை. இந்தக் கேமுல எங்கிட்டோ ஒரு வீடு இருக்கு போல. எம் பொஞ்சாதி வீரலட்சுமி என்னைத் திரும்பிப் பாக்குறா. நான் என்ன செய்யட்டும்? பாத்தாச்சு பாத்தாச்சுன்னு கையை ஆட்டிட்டேன். "பாத்துட்டாராம்டி"ன்னு இவளும் சொல்லிட்டா.

அப்புறம் பாத்தா அழுகுறா சார். எம் மக அழுகுறா. மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொல்றா, "அப்பாவை வரச் சொல்லும்மா. நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்." ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, அவ வாயிலருந்து அப்பாவை வரச் சொல்லுன்னு வந்ததே இல்லை.

அந்த வீட்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. அவ எதுக்கு அழுதான்னும் தெரியாது. இன்னிக்கு எறங்குன உடனே வீட்டைப் பத்திப் பேசுவா. நான் முழிப்பேன். பொய் சொல்லிட்டான் கிழவன்னு வந்த வழியே அனுப்பிடுவா. அதுக்கப்புறம் அவ அம்மா செத்தாத்தான் நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாப்போம்.

இல்ல, சும்மா கேட்டுக்கிட்டே இருங்க, பேசிக்கிட்டே ஆடுனாத்தான் எனக்கு ஆட்டம் ஓடும். ஸ்டீயரிங்கிலயும் அப்படித்தான், கண்டக்டரோட பேசிக்கிட்டே ஓட்டுவேன்.

படம் எல்லாம் கட்டம் கட்டமா இருக்கா? நான் மொதல்ல போனு கெட்டுப்போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். அப்புறம் டீச்சரு சொன்னாங்க, பழைய காலத்து டிவி கேமு மாதிரி வேணும்னே அப்படிச் செய்யுறதாம். இந்த நாயைப் பாருங்க. மிஞ்சிப் போனா பத்துக் கட்டம். காது எங்க, மூக்கு எங்கன்னு கேட்டா காட்ட முடியாது. ஆனா அது யாருங்கிறீங்க? எங்க தெருமுனையில படுத்துக் கிடந்துக்கிட்டு சைக்கிள்ல போறவனை மட்டும் தொரத்துமே, அந்த நாயேதான். அச்சு அசல். மிச்சத்தை நம்ம மனசு போட்டுக்குது சார். முழுசா வரைஞ்சு வச்சிருந்தா அது அவங்க நாயா இருந்திருக்கும்.

கதை என்னன்னா, மஞ்சப் பையோட நிக்குதே இந்தப் பிள்ளை, இது ஊரை விட்டுப் பட்டணத்துக்குப் போகணும். பஸ்ஸு கிடையாது. டிரைவர் மக செஞ்ச கேமுல பஸ்ஸு கிடையாது, அநியாயத்தைப் பாருங்க. நடந்தே போகணும். வழியில நாய் இருக்கு, மாடு இருக்கு, ஓடையில வெள்ளம் வரும், மேலருந்து கல்லு உருளும். பட்டணம் எங்க இருக்குன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். நான் இதுவரைக்கும் பாத்ததில்லை.

ஆனா ஒண்ணு சொல்லணும், செஞ்சவ கெட்டிக்காரி. ஒவ்வொரு தடவையும் ரோடு மாறிடும் சார்! நேத்து பாலம் இருந்த இடத்துல இன்னிக்கு சந்தை கூடியிருக்கும். சந்தை இருந்த இடத்துல சுடுகாடு வரும். நான் ஒரே மலையில அதே வளைவுகளை வருஷக்கணக்கா திருப்புனவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்னு மீசையை முறுக்கிக்குவோம், உள்ளுக்குள்ள சலிச்சுப்போயிருக்கும். அப்படிப்பட்டவனுக்கு, தினம் ஒரு புது ரோட்டைக் குடுத்தா எப்படி இருக்கும்? வண்டியில மொத நாள் ஏறி உக்காந்த மாதிரி இருக்கு.

அப்புறம் டீக்கடை. வழியில அங்கங்க டீக்கடை வரும். மூணு சாமான் வச்சிருப்பாங்க, ஒண்ணைத்தான் எடுத்துக்கலாம். குடை, டார்ச்சு, செருப்பு, வெங்கலச் சொம்பு, இப்படி எது வேணா இருக்கும். குடை மழைக்குத்தானேன்னு எடுத்தேன். பாலத்துல காத்தடிச்சது பாருங்க, பிள்ளை குடையோட எழும்பி ஓடைக்கு அந்தாண்ட போய் எறங்கிடுச்சு! ஏய்னு கத்திட்டேன். அடுப்படியிலருந்து வீரலட்சுமி கரண்டியோட ஓடி வந்துட்டா, எனக்கு நெஞ்சுவலின்னு. எந்த போர்டும் கிடையாது சார், யாரும் சொல்லிக் குடுக்கலை, நானாக் கண்டுபிடிச்சேன். அந்த சந்தோசம் வேற.

அடி பட்டாலும் யாரையும் வைய முடியாது. நாய் பாயறதுக்கு முன்னாடி குலைக்கும். கல்லு உருள முன்னாடி மண்ணு உதிரும். எல்லாத்தையும் முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் வரும், கவனிக்காதது நம்ம தப்பு. அதனால கோவம் ரோட்டு மேல வராது, நம்ம மேலதான் வரும். இன்னும் ஒரே ஒரு தடவைன்னு உக்காருவேன். அடுப்புல பாலைப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போயிருப்பா, பால் பொங்கி வழிஞ்சு, தீஞ்ச வாடை தெருவரைக்கும் போயிருக்கும். நான் ஒரே ஒரு தடவையில இருப்பேன்.

என்னது, எத்தனை தடவை செத்தேனா?

சாகவா? யாரு? நல்லா கேட்டீங்க போங்க. ஒரு தடவை கூடக் கிடையாது சார்! இந்தா, மேல மூணு விளக்கு எரியுது பாத்தீங்களா, அதுதான் உயிரு. அடி பட்டா ஒண்ணு அணையும். ரெண்டு அணைஞ்சு கடைசி விளக்கு மினுக்கு மினுக்குன்னு ஆட ஆரம்பிச்சுதுன்னா நான் விடுவேனா? உடனே கேமை இப்படி மேல தள்ளி மூடிடுவேன். சடார்னு பிரேக். மறுபடி திறந்தா பஸ்ஸே வராத அந்த மொத பஸ் ஸ்டாப்புலருந்து, காலிப் பையோட, மூணு விளக்கோட நிப்பா பிள்ளை. சேத்த சாமான் எல்லாம் போயிடும், பட்டணமும் கிட்ட வராது. போனாப் போகுது. எங்கையில ஒரு உயிரு போனதில்லை, கட்டம் போட்ட உயிரா இருந்தா மட்டும் போகலாமா? அதுவும் அந்தப் பிள்ளை மொகத்துல சோதியோட சாடை இருக்கு சார். ரெட்டைச் சடை, மஞ்சப் பை. அதை நாய் வாயில விட்டுட்டு வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா?

வீடு கடைசியிலதான் இருக்கும். வேற எங்க இருக்கும்? நாள் பூரா டிரிப்பு அடிச்சு, டிப்போவுல வண்டியை விட்டுட்டுத்தானே வீட்டுக்குப் போவோம்? ரோடு முடியுற இடத்துல வீடு. அதுக்குள்ள விளக்கு அணையாம போய்ச் சேரணும், அவ்வளவுதான். அதுதான் முடியலை.

டீச்சர்கிட்ட நேரா கேக்க முடியுமா? பாத்தாச்சுன்னு தெருவே கேக்கச் சொல்லிட்டேனே. சுத்தி வளைச்சுக் கேட்டேன், "அந்த வீடு நல்லா செஞ்சிருக்கா, இல்லைங்களா?"ன்னு. "ஐயோ அண்ணே, மொத நாளே பாத்துட்டேன், அழுதுட்டேன்"ங்கிறாங்க. மொத நாளே! ஸ்கூட்டரை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம மதிலை இடிக்கிற அம்மா சார் அது. அந்தம்மா மொத நாளே கடைசி வரைக்கும் போயிருக்கு, நான் மலையில ஓட்டுனவன், என்னால முடியலை. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலை.

தாராபுரமா? நிக்கட்டும் நிக்கட்டும். நீங்க எறங்கி டீ குடிச்சிட்டு வாங்க. நான் வரலை.

வந்துட்டீங்களா. எனக்குமா வாங்கிட்டு வந்தீங்க? எதுக்கு சார். சரி, குடுங்க.

அவ ஏன் பேசுறதில்லைன்னு கேக்குறீங்க. அதைத்தான் சார் நானும் கேக்குறேன்! நான் ஒரு வார்த்தை வைதிருப்பேனா? அவ அம்மாவைக் கேட்டுப் பாருங்க. மெட்ராசுல கம்ப்யூட்டர் கம்பெனியில நல்ல வேலையில இருந்தா. அதை விட்டுட்டு, கோயமுத்தூர்ல இந்தப் பிள்ளைகளோட சேந்து கேமு செய்யப் போறேன்னா. அப்பயும் நான் வையலை. பாத்துப் போ தாயின்னு மட்டும் சொன்னேன். மொத ஒரு கேமு செஞ்சாங்க, இது இல்லை, வேற. அதை ஒரு ஆளு சீண்டலை. ஆபீசை மூடிட்டாங்க. ஒரு மத்தியானம் வாசல்ல ஆட்டோ நிக்குது, பையோட எறங்குறா. மொகமெல்லாம் வீங்கிக் கிடக்கு.

நான் வாசல்லதான் உக்காந்திருந்தேன். "லீவா?"ன்னு கேட்டேன். அவ பையைத் தூக்கிட்டு நேரா உள்ள போயிட்டா. அவ்வளவுதான் நடந்தது. அதுக்கப்புறம் அவ எங்க வீட்டுல இருந்த நாளெல்லாம் அந்தப் பேச்சையே நான் எடுக்கலை. பட்ட இடத்தைக் குத்திக் காட்டக் கூடாதுல்ல? அதனால எதுவுமே பேசலை. அக்கம்பக்கத்துல கேட்டவங்ககிட்ட, வீட்லருந்தே வேலை பாக்குறான்னு சொல்லிட்டேன். டிப்போ ஆளுங்க வந்தப்ப, "கொஞ்ச நேரம் உள்ள இரு தாயி"ன்னேன். அவளுக்காகத்தான். அவனுங்க வாய் சும்மா இருக்காது.

அவ அம்மாதான் ஒரு நாள் அடுப்படியில புலம்புனா, பிள்ளையை இப்படி உள்ளயே வச்சிருக்கீங்களேன்னு. நான் பொறுமையா விளக்குனேன். அடிபட்ட வண்டியை டிப்போவுல என்ன செய்வோம்? ஷெட்டுக்குப் பின்னாடி நிப்பாட்டுவோம். டிங்கரிங் பாத்து பெயிண்ட் அடிச்ச பிறகுதானே ரூட்டுல விடுவோம்? சனங்க பாத்தா என்ன நினைக்கும்? வண்டியைத்தான் சார் சொன்னேன்! சோதி கொல்லைப்பக்கம் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்திருக்கா, எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில பையைத் தூக்கிட்டா. வாசல்ல நின்னு என்ன சொன்னா தெரியுமா? "போறேன்ப்பா"ன்னா. எந்த வீட்டுலயாச்சும் பிள்ளைக அப்படிச் சொல்லுமா? போயிட்டு வர்றேன்னுதானே சொல்லணும்? சாவு வீட்டுல கூட யோசிச்சுச் சொல்ற வார்த்தையை எம் மூஞ்சியைப் பாத்துச் சொன்னா சார். எனக்கு எப்படி இருக்கும்? நானும் வாயைத் திறக்கலை. அவதான் என்னை வைதுட்டுப் போனா, நான் வையலை.

சின்னதுலருந்து அவளுக்கு ஒரு கீறல் படாம வளத்தவன் நான். சைக்கிள் கேட்டா, சிவப்பு சைக்கிள் வாங்கிக் குடுத்தேன். தெருமுனையில அந்த நாய் தொரத்தி விழுந்துட்டா. முட்டியில நல்ல காயம். நான் டூட்டி முடிஞ்சு வந்து பாத்தேன். மறுநாளே சைக்கிளைத் தூக்கி என் தங்கச்சி மகனுக்குக் குடுத்துட்டேன். ரெண்டு நாள் சாப்பிடாமக் கிடந்தா. கிடக்கட்டும்னு விட்டேன். அதுக்கப்புறம் பாருங்க, கல்யாண வயசு வரைக்கும் அவ ஒரு தடவை கூட விழுந்ததில்லை. எப்படி விழுவா?

பல்லடம் வந்துடுச்சா! ஐயையோ, பேசிக்கிட்டே இருந்துட்டேன். சார், இனிமே மெதுவாப் போனா ஆகாது. இந்தா டீக்கடை. குடை, சொம்பு, சைக்கிள். இந்தச் சைக்கிளை நான் எடுத்ததே இல்லை. வேகம் கூடுனா கட்டுப்பாடு போயிடும், அது என் கொள்கை. ஆனா நேரமில்லையே. என்ன சொல்றீங்க, எடுத்துரட்டுமா? எடுத்துட்டேன். எடுத்துட்டேன் சார்.

ஏ அப்பா! என்னமாப் போகுது பாருங்க! மணியடிக்குது கேட்டீங்களா, கிணிங் கிணிங்னு. மாட்டைத் தாண்டிட்டா. ஓடையைத் தாண்டிட்டா! சடை ரெண்டும் பின்னாடி பறக்குது சார், பாருங்க, பறக்குது! இவ்வளவு தூரம் நான் வந்ததே இல்லை. ஐயோ, கல்லு. ஒரு விளக்கு போச்சு. பரவாயில்லை, பரவாயில்லை. இன்னொண்ணும் போச்சு. கடைசி விளக்கு. மூடிரணும், மூடிரணும். கொஞ்சம் இருங்க, அங்கிட்டு ஒரு வெளிச்சம் தெரியுது, அது பட்டணமாக் கூட இருக்கும். அந்த வளைவு வரைக்கும் மட்டும் போயிட்டு மூடிடுறேன்.

டேய்! டேய், என்னய்யா பிரேக் அடிக்கிற!

உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? தலை இடிச்சுதா? போனு. எம் போனு எங்க? உங்க காலுக்குக் கீழயா, எடுங்க, சீக்கிரம் எடுங்க.

போச்சு.

போயிடுச்சு சார். விளக்கு மூணும் அணைஞ்சுபோச்சு. பிள்ளை கீழ விழுந்து கிடந்தா, சைக்கிள் சக்கரம் மட்டும் சுத்திக்கிட்டு இருந்துச்சு, இப்ப அதுவும் இல்லை. இருட்டா இருக்கு. எங்கையிலயே போயிடுச்சே. இத்தனை வருஷம் ஒரு குஞ்சு கூட... ஏன்யா டிரைவரு, உன்னைத்தான், ரோட்டைப் பாத்து ஓட்ட மாட்டியா?

என்னங்கிறீங்க? குறுக்க நாயா? தப்பிச்சுதா? நல்லா பாத்தீங்களா, தப்பிச்சு ஓடிடுச்சா? அப்ப சரி. அப்ப நல்லாத்தான் மிதிச்சிருக்கான். நானா இருந்தாலும் அப்படித்தான் மிதிச்சிருப்பேன்.

இல்ல சார், எனக்கு ஒண்ணும் இல்லை. கண்ணுல தூசி. வெறும் கட்டம்தான், தெரியுது. இருந்தாலும் சடை பறந்துச்சே. விடுங்க, போனை உள்ள வச்சிடுறேன். சிங்காநல்லூர்ல எறங்கி அப்படியே திரும்புற வண்டியைப் பிடிச்சுடலாம்னு பாக்குறேன்.

என்ன? எதைப் பாக்கச் சொல்றீங்க?

இது என்ன இது. வெளிச்சம் வருது. இது பஸ் ஸ்டாப்பு இல்லையே. நான் மூடித் திறந்தா பஸ் ஸ்டாப்புதானே வரும்? சார், இது வீடு. வாசப்படி, ஓட்டுச் சாய்ப்பு, நீலக் கதவு. இது எங்க வீட்டுக் கதவு சார். ரிட்டயர்டான காசுல பெயிண்ட் மாத்துறதுக்கு முன்னாடி இருந்த நீலம். இது இங்க எப்படி வந்துச்சு? ரோடு இன்னும் முடியவே இல்லையே!

யாரோ வெளிய வர்றாரு. காக்கிச் சட்டை. தோள்ல துண்டு, கட்டம் போட்ட மீசை. இருங்க, பேசுறாரு, எழுத்து வருது. கண்ணாடியை மாட்டிக்கிறேன்.

"வந்துட்டியா தாயி?"

"எங்க அடிபட்டுச்சு? காட்டு."

"பரவாயில்ல. விழாம யாரு சைக்கிள் பழகுனா? வண்டியை நான் யாருக்கும் குடுக்கலை. செவத்தோரம் நிக்குது பாரு."

"மொதல்ல சாப்பிடு. அப்புறம் போலாம்."

நிக்குது சார். செவத்தோரம் நிக்குது. சிவப்பா, ரெண்டு சக்கரமும் வச்சு. பக்கத்துல எழுதியிருக்கு பாருங்க, இதை எடுத்துட்டுப் போகலாமாம். விழுந்து வந்தாத்தான் ஒரு சாமானைக் கையோட கொண்டுபோக முடியுமாம். அப்ப இத்தனை நாளும் நான் மூடி மூடி வச்சது...

இல்ல, ஒரு நிமிசம். இவரு யாரு? சட்டை என்னோடது. மீசை என்னோடது. தாயின்னு அவளை நான் ஒருத்தன்தான் கூப்பிடுவேன், ஊர்ல வேற யாரும் கூப்பிடுறதில்லை. ஆனா பேச்சு என்னோடது இல்லை சார். நான் இப்படிப் பேசுனதே இல்லை. இந்த ஆளை அவ எங்க பாத்தா?

பாத்தாச்சு பாத்தாச்சுன்னு கையை ஆட்டுனேனே. அவ அதைக் கேட்டுட்டா அழுதா?

சூலூரு. சூலூரு வந்துடுச்சு. சார், ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. இன்னொரு தடவை விழுந்தா திரும்ப இதையேதான் பேசுவாரா, வேற ஏதாச்சும் பேசுவாரா? உங்களுக்கு எப்படித் தெரியும், எனக்கே தெரியாது. பாத்துரட்டுமா? இந்தா, பஸ் ஸ்டாப்பு. சைக்கிளோட நிக்குறா பாருங்க, காலிப் பை இல்லை. இந்தா நாய். என்னால முடியாது சார், வேணும்னே கொண்டுபோய் விட என்னால முடியாது. நான் கண்ணை மூடிக்கிறேன், விழுந்ததும் சொல்லுங்க.

விழுந்துட்டாளா? மூணும் அணைஞ்சுதா? சரி.

வர்றாரு. திரும்ப வர்றாரு. வேற பேசுறாரு சார்! நீங்களே படிங்க, எனக்குக் கண்ணாடி மங்குது. சத்தமாப் படிங்க.

"வந்துட்டியா தாயி? டிப்போ ஆளுங்க வந்திருக்காங்க. ஏன் உள்ள நிக்குற? வா, எம் பக்கத்துல வந்து உக்காரு. எம் பொண்ணுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

போதும் சார். போதும், படிக்காதீங்க.

அன்னிக்கு அவ இருந்த உள்ரூம் கதவு லேசாத் திறந்துதான் இருந்துச்சு. நாங்க காப்பி குடிச்சோம், சிரிச்சுப் பேசுனோம். கதவுக்கு அந்தாண்ட அவ நின்ன கால் எனக்குத் தெரிஞ்சுது.

சிங்காநல்லூரா? வந்துடுச்சா? உள்ள நுழைஞ்சுட்டானா? எங்க, எந்தப் பக்கம்? அந்தா. அந்தத் தூணுகிட்ட, பச்சைச் சுடிதார், ஸ்கூட்டர் பக்கத்துல. அதான் சார், அதான் எம் மக. இளைச்சுட்டா. வண்டியைப் பாருங்க, ரெண்டு பக்கமும் கீறல், முன்னாடி மட்கார்டே இல்லை. எத்தனை தடவை விழுந்தாளோ. ஆனா காலை ஊனி நல்லாத்தான் நிக்குறா, இல்ல?

என்ன சொல்லட்டும்? பாத்தாச்சுன்னு சொல்லட்டுமா, இப்பத்தான் பாத்தேன்னு சொல்லட்டுமா? அந்தக் காக்கிச் சட்டைக்காரரு சொன்னதை அப்படியே சொல்லிரட்டுமா? பையை எடுத்துக் குடுங்க சார். வந்துட்டியா தாயி. வந்துட்டியா தாயி. வரலை, எனக்கு வாயில வரலை. அதுவும் இப்ப எப்படிச் சரியா வரும்? வாசல்ல நிக்கிறவங்கதானே அதைக் கேக்கணும்? இன்னிக்கு விழுந்து எந்திரிச்சு வந்து எறங்குறது நான். நிக்கிறது அவ.

கேப்பாளா சார்?